கூடல்வாயும் குடையும்

புரட்டாசி பிறந்துவிட்டால் எங்கள் வீட்டில் சம்பிரதாயமாக ஒரு சண்டை உண்டு. சரஸ்வதி பூஜைக்கு வீட்டை ஒழிக்க வேண்டும் என்று என் மனைவி தொடங்குவாள். பரணில் தூங்கும் பித்தளை அண்டாவிலிருந்து, யாரும் வாசிக்காத ஆர்மோனியப் பெட்டி வரையில் எல்லாம் கூடத்துக்கு வந்துவிடும். ஒட்டடைக் கம்பு புகாத மூலை ஒன்றுகூட மிச்சம் இராது. நான் மட்டும் மெதுவாக, "வீட்டுக்கு உள்ளே ஆயிற்று, வீட்டுக்கு மேலே எப்போது?" என்று கேட்பேன்.

"மேலே யாருங்க வந்து பார்க்கப் போறாங்க?" என்பாள் அவள்.

யார் பார்க்கிறார்களோ இல்லையோ, மழை வந்து பார்க்கும். தமிழ்நாட்டுக்கு ஒரு வருஷத்தில் கிடைக்கும் மழையில் ஏறக்குறையப் பாதி அக்டோபர், நவம்பர், டிசம்பர் மாதங்களில்தான் கொட்டுகிறது. சென்னையில் பாதிக்கும் மேல். அந்த மூன்று மாதத் தண்ணீர் முழுவதும் நம் கூரையிலிருந்து இறங்கிப் போவதற்கு நாம் விட்டிருக்கும் வழி எவ்வளவு? ஓட்டு வீடாக இருந்தால் ஒரு முழ அகலத் தகரம். மாடி வீடாக இருந்தால் நாலு அங்குலக் குழாய். அந்த வழியில் சருகு அடைத்திருக்கிறதா என்று பார்க்க நமக்கு ஞாபகம் வருவது எப்போது? ஐப்பசி அடைமழையில், ராத்திரி பதினோரு மணிக்கு, சுவரில் தண்ணீர் இறங்கும்போதுதான்!

ஞாபகம் வருவது தப்பில்லை. ஞாபகம் வந்த உடனே ஏணியைத் தூக்குகிறோமே, அங்கேதான் ஆபத்து. இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. என் கண் முன்னாலேயே நடந்தது.

1998-ஆம் வருஷம், ஐப்பசி மாதம். மயிலாடுதுறைக்குப் பக்கத்துக் கிராமத்தில் என் சித்தப்பா வீட்டுக்குப் போயிருந்தேன். முற்றம் வைத்த பழைய ஓட்டு வீடு. நாலு பக்கத்துக் கூரையும் முற்றத்தைப் பார்த்துச் சரிந்து, மூலைக்கு மூலை ஒன்றோடொன்று சேரும். அந்தச் சேருமிடத்தைத்தான் கூடல்வாய் என்பது. இரண்டு கூரைத் தண்ணீரும் அங்கே கூடி ஓடுவதால், ஓட்டுக்கு அடியில் நீளமாகத் தகரம் வைத்திருப்பார்கள். தகரத்தின் முனை முற்றத்துக்குள் நீட்டிக்கொண்டிருக்கும். மழை வந்தால் சித்தி அதன் கீழே ஓர் அண்டாவை வைத்துவிடுவாள். முதல் மழையை விட்டுவிட்டு, இரண்டாவது மழைத் தண்ணீரைப் பிடித்துப் பருப்பு வேகவைத்தால் மலர மலர வேகும். அது வெறும் நம்பிக்கை அல்ல. கிணற்றுத் தண்ணீரில் இருக்கும் உப்பும் சுண்ணாம்பும் மழைத் தண்ணீரில் இல்லை. அதுதான் காரணம்.

அன்று ராத்திரி சாப்பாடு ஆகிப் படுக்கப் போகும் நேரம். மழை சோவென்று ஊற்றுகிறது. சித்தி திடீரென்று, "என்னங்க, தென்மேற்கு மூலையில் அண்டா நிறையவே இல்லையே?" என்றாள். மற்ற மூன்று மூலையிலும் தண்ணீர் பனைமரத் தடிமனுக்குக் கொட்டுகிறது. அந்த மூலையில் மட்டும் நூல் மாதிரி விழுகிறது. கொஞ்ச நேரத்தில் நெல் போட்டிருந்த அறையில் கைமரத்தின் வழியாகத் தண்ணீர் இறங்கத் தொடங்கிவிட்டது. கூடல்வாய் அடைத்துக்கொண்டால் தண்ணீருக்குப் போக்கிடம் ஏது? ஓட்டுக்கும் ஓட்டுக்கும் நடுவில் ஏறி வீட்டுக்குள்ளேதான் வரும்.

"மூணு மூட்டை விதைநெல்லுடா தம்பி! வா இப்படி!" என்றார் சித்தப்பா. மூங்கில் ஏணியைக் கொண்டுவந்து, மழையில் நனைந்து வழுவழுவென்றிருந்த முற்றத்துக் கல்லின் மேல் வைத்தார். வேட்டியை மடித்துக் கட்டினார். ஏறினார். நான் என்ன செய்தேன் தெரியுமா? ஒரு கையில் டார்ச் விளக்கைப் பிடித்தேன். மறு கையில் குடையைப் பிடித்தேன், சித்தப்பா நனையக் கூடாது என்று! ஏணியைப் பிடிக்க மூன்றாவது கை எனக்கு இல்லை.

அவர் ஓட்டு விளிம்புக்கு எட்டி, கையை நீட்டிச் சருகை இழுத்தார். எட்டவில்லை. இன்னும் கொஞ்சம் சாய்ந்து இழுத்தார். ஏணியின் கால் ஒரு சாண் வழுக்கியது. அவ்வளவுதான். ஒன்பது அடி உயரம்கூட இராது. நின்றபடி விழுந்தார், இரண்டு குதிகால் எலும்பும் நொறுங்கிவிட்டன. கார்த்திகைத் தீபமும் பொங்கலும் அவருக்குக் கட்டிலில்தான் நடந்தன. அவருக்கு அப்போது வயது ஐம்பத்திரண்டு. அதற்குப் பிறகு வரப்பில் நடக்கக் கம்பு வேண்டியிருந்தது. இன்றும் கம்பு இருக்கிறது.

மறுநாள் காலை, மழை விட்ட பிறகு, பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் அந்த அடைப்பை எடுத்து என் கையில் கொடுத்தார். வேப்பிலைச் சருகு, ஒரு காக்கைக் கூட்டின் குச்சிகள், ஓர் உடைந்த ஓட்டுச் சில்லு. எல்லாம் சேர்ந்து ஒரு கைப்பிடிகூட இல்லை.

இனி விஷயத்துக்கு வருவோம். இலங்கைத் தமிழர்கள் பீலி என்று ஒரு நல்ல சொல் வைத்திருக்கிறார்கள். ஓட்டின் விளிம்பின் கீழே, தண்ணீரை வாங்கிக்கொண்டு போகத் தொங்கவிடும் வாய்க்காலுக்கு அதுதான் பெயர். நம் பக்கத்தில் இதை ஊருக்கு ஒரு பெயரால் சொல்கிறார்கள். பெயர் எதுவானாலும் சுத்தம் செய்ய வேண்டிய காலம் ஒன்றுதான்: வடகிழக்குப் பருவமழை தொடங்குமுன், வெயில் காயும் ஒரு காலைப் பொழுது. பருவமழை பெரும்பாலும் அக்டோபர் மூன்றாவது வாரத்தில் தொடங்குகிறது. ஆகவே புரட்டாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமையை இதற்கென்று வைத்துக்கொள்ளுங்கள். தென்மேற்குப் பருவமழை வலுக்கும் கன்னியாகுமரி, தென்காசி, நீலகிரிப் பக்கத்து நேயர்கள் வைகாசி பிறந்ததும் ஒரு தடவை பார்ப்பது அவசியம். வேம்பு, முருங்கை, தூங்குமூஞ்சி மரம் கூரைக்கு மேல் கவிந்திருந்தால் மழைக்காலத்தின் நடுவிலும் ஒரு தடவை பார்க்க வேண்டும். அதையும் மழை விட்டு, நன்றாகக் காய்ந்த நாளில்தான்.

தீபாவளியை மறந்துவிட்டேனே! மாடியில் வெடிக்கும் வெடியின் காகிதக் குப்பை இருக்கிறதே, அது நனைந்தால் கூழ். கூழ் காய்ந்தால் அட்டை. குழாய் வாயில் அது ஒட்டிக்கொண்டால் சிமெண்ட் தோற்றுப்போகும். மழையும் தீபாவளியும் பெரும்பாலும் கைகோத்துக்கொண்டுதான் வருகின்றன. பட்டாசு வெடித்த கையோடு மாடியைப் பெருக்கிவிடச் சொல்லுங்கள். பையன்கள் முகம் சுளிப்பார்கள், சுளிக்கட்டும்.

ஏணியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எழுதப் போகிறேன். ஆயுத பூஜையன்று அரிவாள்மனைக்கும் சைக்கிளுக்கும் பொட்டு வைக்கிறோம். ஏணிக்கும் வைக்கிறவர்கள் உண்டு. சந்தனத்தைக் குழைக்குமுன் அந்த ஏணியைத் தரையில் கிடத்தி ஒவ்வொரு படியாக மிதித்துப் பாருங்கள். மூங்கில் ஏணியில் பூச்சி அரித்திருக்கும். கயிற்றுக் கட்டு இற்றிருக்கும். அலுமினிய ஏணியில் காலடியில் இருக்கும் ரப்பர் தேய்ந்து போயிருக்கும். ரப்பர் தேய்ந்த ஏணியை மொசைக் தரையில் வைப்பதும், வாழைப்பழத் தோலின் மேல் வைப்பதும் ஒன்றுதான்.

ஏணியை எவ்வளவு சாய்த்து வைப்பது? இதற்குச் சுலபமான கணக்கு உண்டு. நாலு அடி உயரத்துக்கு ஓர் அடி. ஏணி சுவரில் 12 அடி உயரத்தில் சாய்கிறது என்றால், அதன் கால் சுவரிலிருந்து 3 அடி தள்ளி இருக்க வேண்டும். அளவுநாடா கையில் இல்லையா? ஏணியின் காலில் உங்கள் கால் விரல் படும்படி நிமிர்ந்து நின்று, கைகளை நேரே நீட்டுங்கள். உள்ளங்கை உங்கள் தோள் உயரத்துப் படியில் பட்டால் சரியாக இருக்கிறது என்று அர்த்தம். அதைவிடச் செங்குத்தாக வைத்தால் ஏணி உங்களோடு பின்னால் சாயும். அதைவிடப் படுக்கையாக வைத்தால் என் சித்தப்பாவின் ஏணி மாதிரி கால் வழுக்கும். கூரை மேல் இறங்க வேண்டுமானால் ஏணி விளிம்புக்கு மேலே 3 அடியாவது நீண்டிருக்க வேண்டும். இல்லாவிட்டால் இறங்கும்போது பிடித்துக்கொள்ள ஒன்றும் இராது. ஆகாயத்தைத்தான் பிடிக்க வேண்டும்.

தொங்கும் தகரத்தின் மேல் ஏணியைச் சாய்க்கவே கூடாது. தகரம் வளையும், அல்லது ஏணி பக்கவாட்டில் நழுவும். சுவரில் சாய்த்து, தலைப்பை ஜன்னல் கம்பியோ தூணோ அசையாத ஒன்றோடு கயிற்றால் கட்டுங்கள். கீழே ஒருவர் இரண்டு கையாலும் ஏணியைப் பிடித்துக்கொள்ளட்டும். அவருக்கு வேறு வேலை கொடுக்காதீர்கள். டார்ச் வேண்டாம், குடை வேண்டாம், கைப்பேசியில் படம் எடுப்பதும் வேண்டாம்.

மேலே இருப்பவருக்கு ஒரு விதி: தொப்புள் ஏணியின் இரண்டு காலுக்கும் நடுவிலேயே இருக்க வேண்டும். கை எட்டவில்லையா? இறங்கி, ஏணியை நகர்த்தி, மறுபடி ஏறுங்கள். அலுப்பாகத்தான் இருக்கும். 'இன்னும் கொஞ்சம்' என்று சாய்கிற அந்தக் கொஞ்சத்தில்தான் எல்லாம் நடக்கிறது. வேட்டி, லுங்கி கட்டிக்கொண்டு ஏறாதீர்கள், படியில் மாட்டும். சேலைக்கும் இதே விதிதான். அரைக்கால் சட்டை போட்டுக்கொள்வதில் கௌரவக் குறைவு ஒன்றும் இல்லை. ரப்பர் செருப்பைக் கீழேயே கழற்றிவிட்டு, காலைப் பிடிக்கிற கான்வாஸ் பூட்ஸோடு ஏறுங்கள். மேஜையின் மேல் நாற்காலி, நாற்காலியின் மேல் முக்காலி என்று கோபுரம் கட்டுகிறவர்களுக்கு நான் சொல்ல ஒன்றும் இல்லை. அவர்கள் வீட்டுப் பெண்கள் சொல்லிக்கொள்ளட்டும்.

மின்சாரக் கம்பி! நம் தெருக்களில் மின்கம்பி மாடி ஓரமாகவே ஓடுகிறது. அலுமினிய ஏணியைத் தூக்கி நிமிர்த்தும்போது அதன் தலை எங்கே போகிறது என்று பார்க்க மறந்துவிடுகிறோம். நனைந்த மூங்கிலும் மின்சாரத்தைக் கடத்தும். ஏணியோ நீளக் கம்போ கம்பிக்குப் பத்தடிக்குள் போகும் என்று தோன்றினால் அந்த வேலையை நீங்கள் தொடாதீர்கள். மின்வாரிய அலுவலகத்துக்குச் சொல்லி, இணைப்பை நிறுத்தச் செய்த பிறகே தொட வேண்டும்.

சரி, பத்திரமாக ஏறியாயிற்று. தகரத்துக்குள் வெறுங்கையை விடாதீர்கள். குளவிக் கூடு இருக்கும், தேள் இருக்கும், சில சமயம் குளிர்ச்சிக்குப் பாம்பும் வந்து படுத்திருக்கும். முதலில் ஒரு குச்சியால் தட்டிக் கிளறிவிட்டு, தடித்த கையுறை போட்டுக்கொண்டு, கொத்தனார் கரண்டியாலோ பழைய தேங்காய்ச் சிரட்டையாலோ சருகை அள்ளுங்கள். சிரட்டை தகரத்தின் வளைவுக்குக் கச்சிதமாகப் பொருந்துகிறது. தகரத்தைக் கீறுவதும் இல்லை. அள்ளியதைக் கீழே எறியாமல், ஏணியில் கட்டிய ஒரு வாளியில் போடுங்கள். கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு அண்ணாந்து பார்க்கிறவர் உங்கள் வீட்டு மனிதர்தானே!

ஓட்டின் மேல் நடப்பது தனிக் கலை. பாஸல் மிஷன்காரர்கள் 1865-ல் மங்களூரில் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கிய நாளிலிருந்து அந்தச் சீமை ஓடு நம் ஊருக்கெல்லாம் வந்துவிட்டது. நாட்டு ஓட்டைவிட அது உறுதிதான்; ஆனாலும் மனிதனைத் தாங்குவதற்காகச் செய்ததல்ல. ஓடு மாற்றுகிறவர்கள் சட்டத்தின் மேல் வரும் இடமாகப் பார்த்துக் கால் வைப்பார்கள். நமக்கு அந்த இடம் தெரியாது. பாசி பிடித்த ஓட்டில் அவர்களே ஏறமாட்டார்கள். ஆஸ்பெஸ்டாஸ் கூரை இன்னும் மோசம். பார்க்கக் கல் மாதிரி இருக்கும். பழசானால் அப்பளம் மாதிரி நொறுங்கும். அதன் மேல் நேரே கால் வைக்கவே கூடாது. காய்ந்த ஆஸ்பெஸ்டாஸைத் தேய்த்துச் சுத்தம் செய்யவும் கூடாது. அதிலிருந்து கிளம்பும் தூசு நுரையீரலில் போய்த் தங்கி, பல வருஷங்கள் கழித்துப் புற்றுநோயாகத் தலைகாட்டும். அந்தக் கூரையின் பீலியை, ஓரத்தில் ஏணி வைத்து, ஈரப்படுத்தி அள்ளினால் போதும். கூரைமேல் ஏறித்தான் தீர வேண்டும் என்றால் பழகிய ஆளைக் கூப்பிடுங்கள். அவருக்குக் கொடுக்கும் ஒரு நாள் கூலியைப் பார்த்து மனசு கேட்காவிட்டால், எங்கள் சித்தப்பாவுக்கு ஆன ஆஸ்பத்திரிச் செலவைக் கேட்டு எழுதுங்கள்; கணக்கு அனுப்புகிறேன்.

"எங்களுக்கு ஓடும் இல்லை, தகரமும் இல்லை, மாடி வீடு" என்று பக்கத்தைப் புரட்டப் போகிற நேயர்கள் கொஞ்சம் நில்லுங்கள். உங்களுக்குத்தான் கணக்கு பெரிசு. ஆயிரம் சதுர அடி மொட்டைமாடியில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் அது சுமார் 930 லிட்டர் தண்ணீர். ஒரு மணி நேரத்தில் ஐந்து சென்டிமீட்டர் கொட்டினால் நிமிஷத்துக்கு 77 லிட்டர், அதாவது ஐந்து வாளி, அந்தக் குழாய் வாயில் இறங்கியாக வேண்டும். 2015 டிசம்பர் முதல் தேதி பெய்த மழையில் தாம்பரத்தில் பதிவானது 49 சென்டிமீட்டர். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 95 சென்டிமீட்டர்! அந்த ஊரில் ஆயிரம் சதுர அடி மாடி ஒன்றின் மேல் விழுந்த தண்ணீர் 88,000 லிட்டர். 12,000 லிட்டர் தண்ணீர் லாரி ஏழு நிறைந்தும் மிச்சம் இருக்கும்.

குழாய் அடைத்துக்கொண்டால் இது கைப்பிடிச் சுவருக்குள் தேங்கும். பத்து சென்டிமீட்டர், அதாவது கணுக்கால் அளவு, தேங்கினால் அதன் எடை ஒன்பது டன்னுக்கு மேல். இரண்டு பெரிய ஆண் யானைகளை மாடியில் கட்டிப்போட்ட மாதிரி. கட்டடம் புதிசானால் தாங்கும். கம்பி துருப்பிடித்த பழைய தளம் தாங்குமா என்பது வேறு விஷயம். தாங்கினாலும் தண்ணீர் சும்மா நிற்காது. வெடிப்பில் இறங்கி, தளத்தின் கம்பியைத் துருவேற்றி, அடுத்த வருஷம் காரையாகப் பெயர்ந்து சாப்பாட்டுத் தட்டில் விழும்.

மாடிக் குழாய் வாயில் நான் கண்டெடுத்தவற்றை ஒரு சமயம் எழுதி வைத்தேன். நாட்டு வாதுமை இலை ஒன்று. பால் பாக்கெட் உறைகள். பையனின் ரப்பர் பந்து. காற்றாடி நூல் ஒரு கண்டு. வடாம் பிழிந்த துணியின் ஒரு மூலை. இன்னொன்று, சொல்ல வெட்கமாக இருக்கிறது: நானே அடைத்து வைத்த கோணித் துண்டு. சித்திரையில் மாடிக்குச் சுண்ணாம்பு அடித்தபோது வெள்ளைத் தண்ணீர் சுவரில் வழியக் கூடாது என்று திணித்தேன், எடுக்க மறந்துவிட்டேன். நல்லவேளை, கோடை மழை ஒன்று வந்து ஞாபகப்படுத்தியது.

குழாய் வாயில் தட்டையான சல்லடை வைக்காதீர்கள். ஒரே ஒரு வாதுமை இலை அதன் மேல் படுத்தால் கதை முடிந்தது. கவிழ்த்த கிண்ணம் மாதிரி மேடாக இருக்கும் கம்பிக் கூண்டாக வாங்கி வையுங்கள். கீழே இலை அடைத்தாலும் மேலே வழி இருக்கும். பிறகு ஒரு வாளித் தண்ணீரை ஊற்றிவிட்டு, கீழே ஒருவரை நிற்கவைத்துப் பாருங்கள். ஊற்றிய வேகத்தில் வந்தால் சரி. தயங்கித் தயங்கி வந்தால் பாதி அடைப்பு. பெரும்பாலும் வளைவில்தான் இருக்கும். பி.வி.சி. குழாயை மேலிருந்து கீழே விரலால் தட்டிக்கொண்டே வந்தால், 'டொங்' என்ற சத்தம் 'தொப்' என்று மாறும் இடத்தில் அடைப்பு இருக்கிறது. மூங்கில் பிளாச்சையோ தோட்டத்து ரப்பர் குழாயையோ விட்டு ஆட்டி எடுங்கள். இரும்புக் கம்பியால் குத்தினால் அடைப்போடு வளைவும் உடையும்.

அரசங்கன்று முளைத்திருந்தால் இரண்டு இலை விடும்போதே கிள்ளி எறியுங்கள். 'அரச மரமாயிற்றே, பாவம்' என்று விட்டுவிட்டால் வேர் சுவருக்குள் போய்விடும். அப்புறம் கொத்தனாரைக் கூப்பிட்டுச் சுவரைக் கொத்தித்தான் எடுக்க வேண்டும். மாடியில் பாசி பிடித்திருந்தால் தென்னந்துடைப்பமும் பிளீச்சிங் பவுடரும் போதும். ஆனால் அதோடு ஆசிடைக் கலந்துவிடாதீர்கள். இரண்டும் சேர்ந்தால் மூச்சை அடைக்கும் விஷவாயு கிளம்பும். அந்தக் கழுவிய தண்ணீர் மழைநீர்த் தொட்டிக்குள் போகாமல் குழாயைத் திருப்பிவிடவும் வேண்டும். 2003-ல் மழைநீர்ச் சேகரிப்பை எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயமாக்கியபோது அவசர அவசரமாகக் குழாய் பொருத்தினோம். அதன் முனையில் இருக்கும் கூழாங்கல்லையும் மணலையும் அன்றைக்குப் பார்த்ததுதான் என்கிற வீடுகள் எனக்கே நாலைந்து தெரியும். மேலே சுத்தம் செய்யும் அன்றே அந்தக் குழியையும் அள்ளிக் கழுவிவிட்டால், கிணற்றுக்குச் சேற்றுத் தண்ணீர் போகாது.

இன்னொரு சங்கதி. தகரம் நடுவில் தொய்ந்திருந்தாலும், மாடியில் வாட்டம் தப்பியிருந்தாலும் மழை விட்ட பிறகும் அங்கே ஓர் ஆழாக்குத் தண்ணீர் நிற்கும். டெங்குக் காய்ச்சலைப் பரப்பும் ஏடிஸ் கொசுவுக்கு அது தாராளம். நம் ஊர் வெப்பத்தில் முட்டை கொசுவாகிப் பறக்க ஒரு வாரம், பத்து நாள் போதும். தண்ணீர் வற்றினாலும் முட்டை பல மாதம் சாகாமல் ஒட்டிக்கொண்டிருக்கும். அதனால் வெறுமே காயவிட்டால் போதாது, தேய்த்துக் கழுவ வேண்டும். பத்தடிக்கு ஓர் அங்குலமாவது குழாய்ப் பக்கம் சரிவு இருக்கிறதா என்று ரசமட்டம் வைத்துக் கொத்தனாரைப் பார்க்கச் சொல்லுங்கள்.

இவ்வளவும் செய்தும், ஒரு ராத்திரி அடைமழையில் அடைத்துக்கொண்டுவிட்டால்? ஓட்டு வீடானால் ஏணியைத் தொடாதீர்கள். ஒழுகும் இடத்தில் அண்டாவை வையுங்கள், மூட்டையை நகர்த்துங்கள், அந்தப் பக்கத்து மின்சாரத்தை மெயினில் நிறுத்துங்கள், விடியட்டும். மாடி வீடானால், இடி மின்னல் இருக்கும்வரை மொட்டைமாடிக்குப் போகவே வேண்டாம். அது ஓய்ந்த பிறகு, இரண்டு பேராக, படிக்கட்டு வழியாகப் போய், நீளக் கம்பால் குழாய் வாயைக் கிளறிவிடுங்கள். கையை உள்ளே விடாதீர்கள். திடீரென்று வழி திறந்தால் தண்ணீர் இழுக்கும் இழுப்பு நாம் நினைப்பதைவிடப் பெரிசு. கைப்பிடிச் சுவரின் மேல் ஏறி வெளிப்பக்கமாகக் குனிந்து பார்க்கும் பழக்கம் சிலருக்கு உண்டு. ஈரச் சுவரில் அது கூடவே கூடாது.

சித்தப்பாவுக்கு இப்போது எண்பதை நெருங்குகிறது. அந்த மூங்கில் ஏணியைச் சித்தி அப்போதே வெந்நீர் அடுப்புக்கு வைத்துவிட்டாள். ஆனால் புரட்டாசி முதல் சனிக்கிழமை ஆனால் போதும், கிராமத்திலிருந்து தொலைபேசி வந்துவிடும். போன வருஷமும் வந்தது. என் மனைவிதான் எடுத்தாள்.

"மாடி பார்த்தாச்சாம்மா?"

"இன்னிக்குக் காலையிலேதான் மாமா. கார் நிறுத்துற ஷெட்டுத் தகரமும் ஆச்சு."

"ஏணியை யார் பிடிச்சா?"

"நான்தான் பிடிச்சேன் மாமா. ரெண்டு கையாலும்."

கொஞ்ச நேரம் அந்தப் பக்கத்தில் சத்தமே இல்லை. பிறகு கேட்டார்:

"குடை எங்கே இருந்தது?"

"ஆணியிலே மாட்டியிருந்தது மாமா" என்றாள் அவள், என்னைப் பார்த்துக்கொண்டே.